புகைப்படத் தளத்துக்குப் புதுத் தோற்றம்: டெல்டாக்காரர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

தளம் பழசாகத் தெரிகிறது, மாற்றலாம் என்று தோன்றியதும் நம் ஆட்கள் செய்கிற முதல் வேலை புது தீம், அதாவது தளத்துக்கான ஆயத்தத் தோற்றம், தேடுவது. டெமோவைப் பார்த்து மயங்கி, காசு கொடுத்து வாங்கிப் போட்டால் அந்த அழகு நம் பக்கத்தில் வராது. காரணம் எளிது. டெமோவில் இருப்பதெல்லாம் ஒரே அளவில் வெட்டிய பனிமலைப் படங்கள், இரண்டு சொல் ஆங்கிலத் தலைப்புகள். நம்மிடம் இருப்பதோ நெட்டுக்குத்தாக நிற்கும் தஞ்சைப் பெரிய கோயில் விமானம், கிடைமட்டமாக விரியும் ஒரத்தநாட்டு வயல், 'கங்கைகொண்டசோழபுரம்' என்று ஒரே மூச்சில் ஒரு தலைப்பு.

அதனால் இங்கே தீம் பின்னால்தான் வரும். முதலில் படங்களைக் கழிக்க வேண்டும், அப்புறம் வரிசை, அப்புறம் அதற்கேற்ற பக்க அமைப்பு. இந்த மூன்றும் முடிவானபின் எந்த தீம் வேண்டும் என்பது பெரிய கேள்வியாகவே இருக்காது. உதாரணங்களைப் பெரும்பாலும் வேர்ட்பிரஸை வைத்தே சொல்கிறேன்; பிளாக்கரில் இருப்பவர்களுக்கு வேறுபடும் இடங்களில் தனியாகக் குறித்திருக்கிறேன்.

படி 1: கை வைக்கும் முன் நகல்

வேர்ட்பிரஸில் 'டூல்ஸ்' போய் 'எக்ஸ்போர்ட்' அழுத்தினால் ஒரு கோப்பு இறங்கும். பேக்கப் முடிந்தது என்று பலர் அதோடு நிறுத்திவிடுகிறார்கள். அதில் எழுத்தும் படங்களின் முகவரியும்தான் இருக்கும், படங்கள் இருக்காது. சர்வரில் உள்ள 'அப்லோட்ஸ்' ஃபோல்டரையும் டேட்டாபேஸையும் தனியாக இறக்கி ஹார்ட் டிஸ்கில் வையுங்கள். பிளாக்கரில் உள்ளடக்கத்துக்கு ஒரு பேக்கப், தீமுக்கு ஒரு பேக்கப், இரண்டும் வேறு வேறு இடத்தில் இருக்கும். இரண்டையும் எடுக்க வேண்டும்.

அடுத்து, இப்போது இருக்கும் எல்லாப் பக்கங்களின் முகவரிகளையும் ஒரு எக்ஸெல் தாளில் இறக்குங்கள். கூகுள் சர்ச் கன்சோலில் எந்தப் பக்கத்துக்கு ஆள் வருகிறார்கள் என்று பார்த்து அவற்றைத் தனி நிறத்தில் குறியுங்கள். கடைசிப் படியில் இந்தத் தாள் தேவைப்படும்.

படி 2: கழிப்பது

இந்த வழிகாட்டியில் நீங்கள் அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் இதுதான். எவ்வளவு நல்ல வடிவமைப்பும் ஒரே தேரை ஒரே கோணத்தில் எடுத்த பதினேழு படங்களைத் தாங்காது.

திருவாரூர் ஆழித்தேரையே எடுத்துக்கொள்வோம். அன்றைக்குக் காலையிலிருந்து நிலைக்கு வரும்வரை எடுத்ததில் ஐந்நூறு படமாவது தேறும். தளத்தில் வைக்க எனக்குப் பன்னிரண்டு போதும். தூரத்திலிருந்து தேர் முழுசாக, வீதியின் அகலம் தெரிகிற மாதிரி ஒன்று. வடம் பிடித்த கைகள் ஒன்று. சக்கரத்துக்கு அடியில் முட்டுக்கட்டை செருகுகிறவரின் முகம் ஒன்று: கட்டை எந்தப் பக்கம் போகிறதோ அதற்கேற்பத் தேர் திரும்பும், அந்த ஆளின் கண் முழுக்கச் சக்கரத்தில்தான் இருக்கும். மொட்டை மாடிக் கூட்டம், தேர் அலங்காரத்தின் நெருக்கம், நிழலில் உட்கார்ந்து நீர்மோர் குடிக்கும் பாட்டி என்று மீதி. ஒவ்வொன்றும் மற்றது சொல்லாததைச் சொல்ல வேண்டும். இரண்டு படம் ஒன்றையே சொன்னால் ஒன்று போகட்டும்.

கழிக்கும்போது உணர்ச்சி குறுக்கே வரும். "இதை எடுக்க ரெண்டு மணி நேரம் வெயில்ல நின்னேன்" என்பது பார்க்கிறவருக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம். முடிந்தால், அந்த இடத்துக்கு உங்களோடு வராத ஒருவரை உட்கார வைத்துத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். கழித்த படங்களை அழிக்க வேண்டியதில்லை, ஹார்ட் டிஸ்கில் கிடக்கட்டும்.

படி 3: எந்த வரிசையில் காட்டுவது

தேதி வரிசைதான் எல்லாத் தளத்திலும் தானாக அமைவது. புதுசு மேலே, பழசு கீழே. செய்திக்கு அது சரி, படத்துக்குச் சரிப்படாது. கொடியக்கரைப் பூநாரைக்குக் கீழே கல்யாண ரிசப்ஷன், அதற்குக் கீழே சுவாமிமலைப் பட்டறை என்று வந்தால் எதுவும் மனதில் நிற்காது.

டெல்டாவில் படம் எடுப்பவருக்கு இரண்டு இயற்கையான வரிசைகள் உண்டு.

ஒன்று, ஆற்றின் போக்கு. கல்லணையில் தொடங்கி, காவிரி, வெண்ணாறு என்று பிரிந்து, குடமுருட்டி, அரசலாறு, வீரசோழன் என்று கிளைத்து, பூம்புகாரிலும் தரங்கம்பாடிப் பக்கத்திலும் கடலைத் தொடுகிற வரைக்கும் ஊர் ஊராகப் போகலாம். ஊர்களையும் கோயில்களையும் படித்துறைகளையும் எடுப்பவர்களுக்கு இது பொருந்தும்.

இன்னொன்று, பட்டம், அதாவது பயிர்ப் பருவம். மேட்டூர் அணையை ஜூன் 12 அன்று திறப்பது வழக்கம்; அதோடு குறுவை. பிறகு சம்பா, குறுவை அறுத்த வயலில் தாளடி. நாற்றங்கால், நடவு, களையெடுப்பு, அறுவடை, கொள்முதல் நிலையத்து வாசலில் குவிந்த நெல் என்று ஒரு முழுச் சுற்று கிடைக்கும். ஆடிப்பெருக்கு, மயிலாடுதுறையின் ஐப்பசித் துலா முழுக்கு, தைப்பொங்கல் எல்லாம் இந்தச் சுற்றுக்குள் தானாகவே வந்து உட்காரும். அணை தாமதமாகத் திறந்த வருடத்தின் படங்களுக்கும் இந்த வரிசையில் ஒரு இடம் இருக்கும், அது இன்னும் நல்லது.

இரண்டில் ஒன்றை எடுங்கள். இரண்டையும் மெனுவில் போட்டால் பார்க்கிறவர் குழம்புவார். மெனுவில் ஐந்துக்கு மேல் வேண்டாம். 'ஆறு, வயல், கோயில், கைவேலை, கடல்' என்பது எனக்குப் பிடித்த பிரிப்பு. வருமானத்துக்குக் கல்யாணப் படம் எடுப்பவர்கள் அதற்குத் தனித் தளமே வைத்துக்கொள்வது நல்லது. பெண் வீட்டார் பார்க்க வருவது வேறு, முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டைப் பார்க்க வருகிறவர் வேறு.

படி 4: பக்க அமைப்பு, முதலில் போன் அகலத்தில்

ஒரு வெள்ளைத் தாளில் போன் அளவுக்குக் கட்டம் போட்டு, பென்சிலால் வரைந்து பாருங்கள். உங்கள் படங்களைப் பார்க்கிற மாமா திருச்சியில் இருந்தாலும் சிங்கப்பூரில் இருந்தாலும் பெரும்பாலும் போனில்தான் பார்ப்பார். கம்ப்யூட்டர் திரைக்கு வரைந்துவிட்டு அப்புறம் போனுக்குச் சுருக்கினால் இரண்டும் கெடும்.

சதுரக் கட்டங்களாக அடுக்கும் கேலரிதான் இங்கே பெரிய ஆபத்து. வேர்ட்பிரஸ் தானாகச் செய்கிற சிறு படம் 150-க்கு 150 பிக்சல் சதுரம், நடுவை வைத்துக்கொண்டு ஓரங்களை வெட்டும். பெரிய கோயில் விமானத்தை நெட்டுக்குத்தாக எடுத்த படத்தில் மேலே சிகரமும் கலசமும் போய்விடும், கீழே நந்தி மண்டபம் போய்விடும். நடுவில் ஒரு கல் சுவர் மிஞ்சும். 'செட்டிங்ஸ்', 'மீடியா' போய் சிறு படத்தை வெட்டும் தேர்வை எடுத்துவிடுங்கள். ஏற்கெனவே ஏற்றிய படங்களுக்கு இது தானாகப் பொருந்தாது; சிறு படங்களை மறுபடி உருவாக்கும் பிளக்-இன் (வேர்ட்பிரஸில் சேர்க்கும் துணை மென்பொருள்) ஒன்றை ஒரு முறை ஓட்ட வேண்டும்.

செங்கல் அடுக்கு மாதிரி உயரம் மாறி மாறி வரும் கேலரியில் வெட்டு விழாது. ஆனால் வரிசை கலையும். சுவாமிமலை ஸ்தபதி பட்டறைப் படங்களை அதில் போட்டுப் பாருங்கள். மெழுகில் உரு பிடிப்பது, காவிரி வண்டல் மண்ணைப் பூசுவது, சூடு காட்டி மெழுகை உருக்கி வெளியேற்றுவது, உருகிய உலோகத்தை ஊற்றுவது, மண்ணை உடைப்பது, உளியால் நகாசு பார்ப்பது. இது முன்பின் மாறக் கூடாத தொடர். அந்தக் கேலரியில் கண் மேலிருந்து கீழாகப் போகுமா, இடமிருந்து வலமாகப் போகுமா என்று சொல்ல முடியாது; மண் உடைத்த பிறகு மெழுகு வரும். இப்படித் தொடராக வரும் படங்களுக்கு ஒற்றைப் பத்தி, ஒன்றன் கீழ் ஒன்று, நடுவில் இரண்டு வரிக் குறிப்பு. தொடர்பில்லாத தனிப் படங்களுக்குச் செங்கல் அடுக்கு இருக்கட்டும்.

முகப்பில் ஓடும் ஸ்லைடர் பற்றி மன்னார்குடியில் ஸ்டுடியோ வைத்திருக்கும் தம்பி ஒருவரோடு நடந்த பேச்சு:

"அண்ணே, மேல அஞ்சு படம் ஓட விட்டா ரிச்சா இருக்கும்ணே."

"அஞ்சையும் நின்னு பாக்க யாருக்குத் தம்பி பொறுமை? மொத படத்துலயே வெரல் கீழ இழுத்துடும். நல்லதா ஒண்ணு வை."

"ஒண்ணே ஒண்ணா? எதுன்னு எடுக்கறதுண்ணே?"

"அதுதான் வேலையே."

படி 5: பின்னணி நிறம்

தீவட்டி வெளிச்சத்தில் சுவாமி புறப்பாடு, தெப்பம், இரவு தேர் என்று இருட்டுப் படங்கள் அதிகம் உள்ளவர்களுக்குக் கறுப்புப் பின்னணி கைகொடுக்கும். முழுக் கறுப்பைவிட #111111 அல்லது #222222 என்ற நிறக் குறியீட்டில் வரும் கருஞ்சாம்பல் கண்ணுக்கு இதம். வயலும் கடலும் எடுப்பவர்களுக்கு வெளிர் பின்னணி சரி, ஆனால் தூய வெள்ளை வேண்டாம். சித்திரை வெயிலில் நம் ஊர் வானம் வெளுத்துத்தான் படத்தில் விழும்; வெள்ளைப் பக்கத்தில் அந்த வானம் கரைந்து படத்துக்கு மேல் ஓரமே இல்லாமல் போகும். வெள்ளைக்கு ஒரு படி கீழான சாம்பல் வைத்தால் ஓரம் தெரியும்.

வண்ணப் பட்டன், வண்ண மெனுப் பட்டை எதுவும் வேண்டாம். நாற்றங்கால் பச்சைக்குப் பக்கத்தில் தீமின் பச்சை வந்து நின்றால் இரண்டில் ஒன்று அசிங்கமாகத் தெரியும், பெரும்பாலும் உங்கள் படம்தான்.

படக்குறிப்பை மெலிந்த சாம்பலில் போடுவது இப்போதைய மோஸ்தர். வாசிக்க முடிகிறதா என்று பாருங்கள். வலைப்பக்கங்களின் அணுகல் விதிப்படி எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5-க்கு 1 என்ற ஒளி வேறுபாடு தேவை. வெள்ளையின் மேல் #767676 தேறும், #777777 நூலிழையில் தேறாது. அந்த எல்லையில் நிற்காமல் #444444 போட்டுவிடுங்கள், அப்பா அம்மாவும் படிக்க வேண்டாமா?

படி 6: தமிழ் எழுத்து

இங்கேதான் வாங்கின தீம்கள் பல்லிளிக்கும். தீமோடு வரும் எழுத்துருவில் பெரும்பாலும் தமிழ் இருக்காது. அப்போது பிரவுசர் கையில் கிடைக்கும் ஏதாவதொரு தமிழ் எழுத்துருவை எடுத்துக்கொள்ளும். விண்டோஸில் ஒரு முகம், ஆண்ட்ராய்டில் ஒரு முகம். கூகுள் ஃபான்ட்ஸில் முக்தா மலர், ஹிந்த் மதுரை, கேட்டமரான், நோட்டோ செரிஃப் தமிழ் என்று இலவசமாகவே நல்லவை உண்டு. ஒன்றைத் தேர்ந்து, சாதாரணம், தடிமன் என்று இரண்டு எடைகளை மட்டும் ஏற்றுங்கள். சாய்வெழுத்தைத் தவிருங்கள். தமிழுக்கென்று வரைந்த சாய்வு இல்லாத எழுத்துருவை பிரவுசரே பிடித்துச் சாய்த்துவிடும்.

அளவு 17 அல்லது 18 பிக்சல், வரி உயரம் 1.7 மடங்கு. ஆங்கில தீமின் 1.4 மடங்கில் மேல் வரியின் கால் கீழ் வரியின் கொக்கியில் இடிக்கும். இரு பக்கமும் சமமாக்கும் தேர்வை அணைத்துவிடுங்கள். தமிழ்ச் சொற்கள் நீளம், போன் அகலத்தில் சமமாக்கினால் வரிக்கு இரண்டு சொல்லும் நடுவில் வாய்க்காலுமாக நிற்கும்.

தலைப்பு அளவைச் சோதிக்க 'கங்கைகொண்டசோழபுரம்' என்று ஒரு தலைப்பு போட்டுப் பாருங்கள். 360 பிக்சல் அகலமுள்ள போனில் 40 பிக்சல் எழுத்தில் அது திரையைத் தாண்டி ஓடும், முழுப் பக்கமும் பக்கவாட்டில் ஆடத் தொடங்கும். போனில் தலைப்பு 24 முதல் 28 பிக்சலுக்குள் இருக்கட்டும். ஆங்கிலப் பெரிய எழுத்துக்கென்று தீம் வைத்திருக்கும் எழுத்து இடைவெளியையும் பூஜ்யமாக்குங்கள், இல்லையென்றால் சொல் சிதறிக் கிடக்கும்.

படி 7: படக் கோப்பு

24 மெகாபிக்சல் கேமரா படம் 8, 10 எம்பி வரும். அதை அப்படியே ஏற்றக் கூடாது. நீளப் பக்கம் 2048 பிக்சல், வெப்பி (WebP) அல்லது ஜேபெக் (JPEG) வடிவம், தரம் 75-லிருந்து 80. இந்த அளவில் பெரும்பாலான படங்கள் அரை எம்பிக்குள் அடங்கும். வயல் படங்கள் அடங்காது. ஆயிரக்கணக்கான நெல் தாள்களின் விளிம்பை எல்லாம் கோப்பு சுமக்க வேண்டும். வெறும் வானமும் ஆறும் இருக்கும் படம் பாதி எடைகூட வராது. அதனால் எல்லாப் படத்துக்கும் ஒரே தரம் என்று வைக்காமல், கனமானவற்றை மட்டும் 70-க்கு இறக்கிக் கண்ணால் ஒப்பிட்டுப் பாருங்கள். வேர்ட்பிரஸ் 5.8 முதல் வெப்பியை ஏற்கிறது, 6.5 முதல் ஏவிஃப் (AVIF) வடிவத்தையும்.

நிறம் இன்னும் முக்கியம். படத் திருத்த மென்பொருளான லைட்ரூமிலிருந்து வெளியே எடுக்கும்போது நிற வகையை எஸ்ஆர்ஜிபி (sRGB) என்று தேர்ந்தெடுங்கள். அடோபி ஆர்ஜிபியில் எடுத்த படத்தை ஏற்றி, நடுவில் ஏதாவது பிளக்-இன் அந்த நிறத் தகவலைக் கழற்றிவிட்டால், பளிச்சென்ற நாற்றங்கால் வைக்கோல் நிறம் பிடித்த மாதிரி வெளிறும். உங்கள் கம்ப்யூட்டரில் நன்றாக இருந்தது, தளத்தில் செத்துப்போச்சு என்று புலம்புகிறவர்களுக்குப் பெரும்பாலும் கோளாறு இங்கேதான்.

திரைக்குக் கீழே உள்ள படங்கள் விரல் இழுக்கும்போது மட்டும் இறங்க 'லேசி லோடிங்' உதவும், வேர்ட்பிரஸ் 5.5 முதல் தானாகவே செய்கிறது. முகப்பில் முதலில் தெரியும் படத்துக்கு மட்டும் அது இருக்கக் கூடாது, இருந்தால் அந்தப் படம் தாமதமாகத்தான் வரும். படத்தின் அகலமும் உயரமும் பக்கக் குறியீட்டில் இருக்கிறதா என்றும் பாருங்கள்; இல்லையென்றால் படம் வந்து விழும்போது எழுத்து குதிக்கும்.

வாட்டர்மார்க் போடுவதானால் மூலையில் சிறிதாக. படத்தின் நடுவில் ஸ்டுடியோ பெயர் போடுவது நெற்றியில் ரப்பர் ஸ்டாம்ப் குத்தின மாதிரி.

படி 8: குறிப்பும் மறைக்க வேண்டியதும்

படத்துக்கு ஊர், மாதம், என்ன நடக்கிறது என்ற மூன்றும் இருந்தால் போதும். 'அழகிய சிற்பம்' என்பதற்குப் பதில் 'தாராசுரம் ஐராவதேசுவரர் கோயில், ராஜகம்பீரன் மண்டபம், தேர்ச் சக்கரமும் குதிரையும்' என்று எழுதுங்கள். பார்வையற்றவர்களின் திரைவாசிப்பான் படிக்கும் மாற்று உரையிலும் இதையே போடலாம்.

திருட்டுப்போன சிலைகளை அடையாளம் காண, புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தில் இருந்த பழைய கோயில் படங்கள் கைகொடுத்திருக்கின்றன. அப்படி அடையாளம் காணப்பட்ட ஸ்ரீபுரந்தான் கோயில் நடராசர் 2014-இல் ஆஸ்திரேலியாவிலிருந்து திரும்பி வந்தார். ஊரும் கோயிலும் எழுதிவைத்த படத்துக்கு அந்த மதிப்பு உண்டு. அதே சமயம், காவலில்லாத கிராமக் கோயிலின் உற்சவர் படத்தை ஜிபிஎஸ் புள்ளியோடு ஏற்றுவது திருடனுக்கு வழி சொல்வதாகிவிடும். அதனால் லைட்ரூமில் வெளியே எடுக்கும்போதே இருப்பிடத் தகவலை நீக்கும் தேர்வைப் போட்டுவிடுங்கள். உரிமையாளர் பெயர் மட்டும் கோப்புக்குள் இருக்கட்டும். பறவைக் கூடுகளுக்கும் இதே எச்சரிக்கை.

படி 9: தீம்

இப்போது தேடுங்கள். ஒற்றைப் பத்தி, வெட்டாத கேலரி, மாற்றக்கூடிய எழுத்துரு, ஐந்து வரி மெனு. இவ்வளவுதான் தேவை என்பதால் இலவச தீம்களிலேயே கிடைத்துவிடும். வேர்ட்பிரஸோடு வரும் தீம்களே போதும் என்பது என் எண்ணம். நிறம், அளவு போன்றவற்றை மாற்றும் சி.எஸ்.எஸ். குறியீட்டை தீம் கோப்பிலேயே எழுதாதீர்கள், அடுத்த அப்டேட்டில் அழிந்துவிடும். சைல்ட் தீமிலோ (மூல தீமைத் தொடாமல் அதன் மேல் அமரும் துணை தீம்) கூடுதல் சி.எஸ்.எஸ். பெட்டியிலோ எழுதுங்கள்.

படி 10: மாற்றி விடுவது

முதலில் சோதனைத் தளத்தில். கூகுளின் பேஜ்ஸ்பீட் கருவியில் முக்கியப் படம் 2.5 விநாடிக்குள் தெரிகிறதா, பக்கம் குதிக்கும் மதிப்பு 0.1-க்குள் இருக்கிறதா என்று பாருங்கள். அதைவிட நல்ல சோதனை, வைஃபையை அணைத்துவிட்டு, சிக்னல் ஒரு கோடு இரண்டு கோடு என்று ஆடுகிற வேதாரண்யம் பக்கமோ வயல்வெளியிலோ ஒரு பழைய போனில் திறப்பது.

பக்க முகவரிகளை முடிந்தவரை மாற்றாதீர்கள். மாற்றியே ஆக வேண்டுமென்றால் படி 1-இல் எடுத்த தாளை வைத்து, 301 திருப்பல், அதாவது பழைய முகவரிக்கு வருபவரைத் தானாகப் புதியதற்கு அனுப்பும் ஏற்பாடு, போடுங்கள். பிளாக்கரிலும் செட்டிங்ஸில் அதற்கு இடம் உண்டு. 2016 மகாமகப் படங்களை வைத்திருப்பவர்கள் இதில் கவனமாக இருக்க வேண்டும். அடுத்தது 2028-இல். அது நெருங்க நெருங்க, பழைய படங்களைத் தேடி ஆட்கள் வருவார்கள். அப்போது அந்த லிங்க் உடைந்திருக்கக் கூடாது.

புதிய பக்கங்களுக்கு முகவரியை ஆங்கில எழுத்தில் சுருக்கமாக வையுங்கள். தமிழ்த் தலைப்பையே முகவரியாக விட்டால் ஒவ்வொரு தமிழ்க் குறியும் (கொம்பும் புள்ளியும்கூடத் தனிக் குறிகள்தான்) உள்ளே ஒன்பது எழுத்தாக மாறும். வேர்ட்பிரஸின் வரம்பு 200 எழுத்து, ஆகவே இருபத்திரண்டு குறிகளுக்குமேல் அறுந்துவிடும். வாட்ஸ்அப்பில் பகிர்ந்தாலும் சதவீதக் குறிகளாக அரைப் பக்கத்துக்கு நீளும்.

ஆடிப்பெருக்குக்கும் திருவையாறு ஆராதனைக்கும் முதல் நாள் மாற்றாதீர்கள், ஆள் வராத ஒரு செவ்வாய் புதனில் மாற்றுங்கள். அதன்பின் ஒரு மாதம், வாரத்துக்கு ஒரு முறை சர்ச் கன்சோலில் 'காணவில்லை' என்று வரும் பக்கங்களைப் பார்த்து, விடுபட்டவற்றுக்குத் திருப்பல் சேர்த்துக்கொண்டே வாருங்கள். அந்தப் பட்டியல் காலியாகும்வரை பழைய தீமை நீக்க வேண்டாம்.